அடுத்த வாரம் விமானம்... பாஸ்போர்ட்டை காணோம்! சீக்கிரம் வாங்க வழி என்ன?

ராமநாதபுரம்:

விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் சவூதி திரும்ப இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. டிக்கெட் போட்டாச்சு. பெட்டிக்குள் கருவாடும் ஊறுகாயும் ஏறி விட்டது. மதுரைக்கு பஸ்சில் போய் விட்டு வந்தவர் வீட்டில் பையை கொட்டி பார்க்கிறார். துணி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, பாஸ்போர்ட் வைத்திருந்த கவரை மட்டும் காணோம். வீடே பதறுகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவர் ஓடுகிறார், கண்டக்டர் நம்பரை தேடி இன்னொருவர் ஓடுகிறார்.

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவை பார்ப்பது கஷ்டம். கடற்கரை ஊர்களில் 'சபுராளி' என்றே ஒரு பெயர் உண்டு. எனவே இந்த காட்சி இங்கே யாருக்கும் புதிது இல்லை. இந்த நேரத்தில்தான் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு குரல் கேட்கும். "அண்ணே, கவலைப்படாதீங்க. ஒரு பத்தாயிரம் எடுத்து வைங்க. மூணே நாள்ல கையில வாங்கித் தர்றேன்."

பணத்தால் இந்த வேலை வேகமாக நடப்பது இல்லை. அரசு வாங்கும் தட்கல் கட்டணத்தை தவிர வேறு எந்த பணமும் ஒரு நாளைக்கூட குறைக்காது. நாளை குறைப்பதும் கூட்டுவதும் கையில் இருக்கும் காகிதங்கள்தான். போலீசில் சொன்னது, விண்ணப்பத்தில் எழுதியது, ஆதாரில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருந்தால் வேலை ஓடும். ஒன்றுக்கு ஒன்று முட்டினால் எந்த புரோக்கர் வந்தாலும் நிற்கும்.

முதலில் நன்றாக தேடுங்கள்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் இதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

பாஸ்போர்ட் தொலைந்ததாக பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு முறை பதிவாகி விட்டால் அந்த புத்தகம் செத்த புத்தகம். மறுநாளே பீரோவுக்கு அடியில் கிடைத்தாலும் அதை வைத்து பயணம் போக முடியாது. தொலைந்த, திருடு போன பாஸ்போர்ட்டுகளின் எண்களை நாடுகள் ஒன்றுக்கொன்று பகிர்ந்து கொள்ள இன்டர்போல் அமைப்பு 2002-ல் தொடங்கிய தகவல் தொகுப்பு இருக்கிறது. "கிடைச்சுருச்சே, இதையே எடுத்துட்டு போவோம்" என்று பழைய புத்தகத்தோடு போகிறவரை விமான நிலையத்தில் நிறுத்தி விடுவார்கள். இங்கே தப்பித்தாலும் அங்கே இறங்கியதும் பிடிபடலாம். டிக்கெட் காசும் போச்சு, வேலையும் போச்சு.

அதனால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேடுங்கள். பீரோ, சாமி படத்துக்கு பின்னால், பழைய சூட்கேஸ், மச்சான் வீடு, கடைசியாக நகல் எடுத்த ஜெராக்ஸ் கடை, பணம் மாற்றிய கடை, டிக்கெட் போட்ட டிராவல்ஸ் எல்லா இடத்திலும் கேளுங்கள். ஜெராக்ஸ் மெஷினுக்குள் மறந்து விட்டு வந்தவர்கள் நிறைய பேர். பஸ்சில் போயிருந்தால் டெப்போவில் விசாரியுங்கள். ஒரு நாள் தேடலாம். மூன்று நாள் தேடிக்கொண்டு இருக்க கூடாது. விமானம் காத்திருக்காது.

போலீசில் மட்டும் சொல்லி விட்டு, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பழைய புத்தகம் கிடைத்து விட்டால்? உடனே அந்த போலீஸ் நிலையத்தில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த எண் முடக்கப்பட்டு இருக்கிறதா என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டு தெரிந்து கொள்ளாமல் விமான நிலையத்துக்கு போக கூடாது.

தொலையவில்லை, அடகில் இருக்கிறது

வெளியே யாரும் சொல்லாத இன்னொரு கதையும் உண்டு. பாஸ்போர்ட் தொலைந்தே இருக்காது. வெளிநாடு அனுப்புவதாக சொன்ன ஏஜெண்ட் கையில் இருக்கும். வட்டிக்கு பணம் கொடுத்தவர் பெட்டியில் இருக்கும். "பாக்கியை வச்சுட்டு புத்தகத்தை எடுத்துட்டு போ" என்பார் அவர். அப்போது பக்கத்தில் இருக்கும் யாராவது, "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுத்து புதுசு வாங்கிடு" என்று யோசனை சொல்வார்கள்.

அந்த யோசனையை கேட்காதீர்கள். பாஸ்போர்ட் வாங்க பொய் தகவல் கொடுப்பது 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் 12-வது பிரிவின்படி குற்றம். 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். கோபத்தில் இருக்கும் வட்டிக்காரர் பழைய புத்தகத்தோடு போலீசுக்கு போய் நின்றால் மாட்டுவது நீங்கள்தான்.

அதே சட்டத்தின் 17-வது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்று அதில் தெளிவாக சொல்லி இருக்கிறார்கள். அரசு சொத்தை அடகு வாங்க யாருக்கும் உரிமை கிடையாது. கடன் பாக்கி இருந்தால் அது தனி வழக்கு. எனவே "இன்னார் என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்" என்று உண்மையை எழுதி போலீசில் புகார் கொடுக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் இருந்து ஒரு போன் போனாலே புத்தகம் வீட்டுக்கு வந்து சேரும் வாய்ப்பு அதிகம்.

போலீஸ் நிலையத்தில்...

உண்மையிலேயே தொலைந்திருந்தால் அடுத்த வேலை போலீஸ் புகார். இதன் அசல் இல்லாமல் பாஸ்போர்ட் சேவை மையத்தில் வேலை நகராது.

திருடு போயிருந்தால் எப்.ஐ.ஆர். போட சொல்லி கேளுங்கள். தவறி விழுந்து தொலைந்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். இது தவிர தமிழ்நாடு போலீசின் இணையதளத்தில் 'தொலைந்த ஆவணம் அறிக்கை' என்று ஒரு வசதி இருக்கிறது. பாஸ்போர்ட், ஆர்.சி. புத்தகம், டிரைவிங் லைசென்ஸ், மார்க் ஷீட் போன்றவை தொலைந்தால் அதில் நாமே பதிவு செய்து நகல் எடுத்துக்கொள்ளலாம். 

பஸ்சில் தொலைத்தவர்களுக்கு வரும் தலைவலி வேறு. "மானாமதுரை தாண்டி தொலைஞ்சதா? அப்ப அது எங்க லிமிட் இல்லையே" என்று ஒரு நிலையத்தில் சொல்வார்கள். அடுத்த நிலையத்தில், "உங்க வீடு எங்க இருக்கு? அங்க போய் கொடுங்க" என்பார்கள். இதில் 2 நாள் போய்விடும். திருட்டு என்றால் இப்படி அலைக்கழிக்க முடியாது. 2024 ஜூலை 1-ந்தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறை சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-வது பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த போலீஸ் நிலையத்திலும் எப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டும்.

புகாரில் பாஸ்போர்ட் எண், எந்த தேதியில், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில் தொலைந்தது என்பதை சுருக்கமாக எழுதினால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லை பிரச்சினையில் இருந்து தப்பிக்க "வீட்டிலேயே தொலைந்தது" என்று மாற்றி எழுதி விடாதீர்கள். எப்படி, எங்கே தொலைந்தது என்று பாஸ்போர்ட் மையத்திலும் உறுதிமொழி எழுதி கொடுக்க வேண்டும். அங்கே பஸ், இங்கே வீடு என்று இருந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் நாள் ஓடும்.

பாஸ்போர்ட் எண் ஞாபகம் இல்லை, ஜெராக்சும் இல்லை என்கிறவர்கள் பயப்பட வேண்டாம். பழைய விசா பேப்பர், டிக்கெட், இக்காமா எடுத்தபோது கம்பெனிக்கு கொடுத்த நகல், வாட்ஸ்அப்பில் ஏஜெண்டுக்கு அனுப்பிய போட்டோ என்று எங்காவது ஓர் இடத்தில் அந்த எண் இருக்கும். கம்பெனி எச்.ஆர். ஆளிடம் கேட்டாலே அனுப்பி விடுவார்.

கம்பெனிக்கும் விமான நிறுவனத்துக்கும் சொல்லுங்கள்

இந்த இடத்தில் பலர் தப்பு செய்கிறார்கள். "கம்பெனிக்கு தெரிந்தால் வேலையை விட்டு எடுத்து விடுவார்களோ" என்று பயந்து மறைக்கிறார்கள். புது பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு அது என்ன எண் என்று கம்பெனிக்கு தெரிந்தே ஆக வேண்டும். தொலைந்த பாஸ்போர்ட்டின் எண் திரும்ப வராது. புது புத்தகத்துக்கு புது எண்தான்.

சவூதியில் இக்காமாவும் ரீ-என்ட்ரி விசாவும் கம்ப்யூட்டரில் பழைய எண்ணோடு சேர்ந்து கிடக்கும். அதை புது எண்ணுக்கு மாற்றுவதை அங்கே வேலை பார்ப்பவர்கள் 'நகல் மாலூமாத்' என்று சொல்வார்கள். இதை செய்ய வேண்டியது அங்கே இருக்கும் கம்பெனி. அது முடியாமல் இங்கே விமானம் ஏற போனால் கவுண்ட்டரிலேயே திருப்பி அனுப்பும் அபாயம் உண்டு. ரீ-என்ட்ரி தேதி முடியப்போகிறது என்றால் அதையும் கம்பெனியே இணையம் மூலம் நீட்டிக்க முடியும். ஆனால் அவர்களுக்கு முதல் நாளே தெரிந்தால்தான் முடியும்.

துபாய், அபுதாபி பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. அமீரகத்தில் 2022-ல் இருந்து பாஸ்போர்ட்டில் ரெசிடென்ஸ் விசா ஸ்டிக்கர் ஒட்டுவது இல்லை, எமிரேட்ஸ் ஐ.டி. கார்டுதான். குவைத்தில் 2019-லேயே ஸ்டிக்கர் போய்விட்டது. அதனால் பாஸ்போர்ட்டோடு விசாவும் போச்சே என்று அழ வேண்டியது இல்லை. எண்ணை மாற்றும் வேலை மட்டும் இருக்கிறது. பொதுவாக 6 மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் அந்த ரெசிடென்ஸ் செல்லாது. நீண்ட விடுப்பில் வந்து 5 மாதம் கழிந்த பிறகு பாஸ்போர்ட்டை தொலைத்தவர் ஒவ்வொரு நாளையும் எண்ணி எண்ணித்தான் ஓட வேண்டும்.

சுற்றுலா, உம்ரா, மகள் பிரசவம் என்று போகிறவர்களின் நிலைமை இதைவிட சிக்கல். சிங்கப்பூர் போன்ற நாடுகளின் இ-விசா பாஸ்போர்ட் எண்ணின் மேல்தான் தரப்படுகிறது. எண் மாறினால் அதை வைத்து போக முடியாது. விசா எடுத்து கொடுத்த ஏஜெண்டிடம் உடனே பேச வேண்டும். அமெரிக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்துக்கு தெரிவித்து விட்டு புதிதாகத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

விமான டிக்கெட்டுக்கு பெயர்தான் முக்கியம். பாஸ்போர்ட் எண்ணை பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தேதியை தள்ளிப்போட வேண்டி வரும் என்று தோன்றினால் விமானம் புறப்படும் முன்பே மாற்றி விடுங்கள். போகாமல் விட்டு விட்டு பிறகு கேட்டால் பெரும்பாலும் அந்த டிக்கெட் காசு தண்ணீரில் போட்ட உப்புதான்.

விண்ணப்பம் போடுவது எப்படி?

இதற்கு அரசின் இணையதளம் ஒன்றே ஒன்றுதான். பாஸ்போர்ட் இந்தியா டாட் கவ் டாட் இன். 'எம்-பாஸ்போர்ட் சேவா' என்ற செல்போன் ஆப்பும் இருக்கிறது. கூகுளில் தேடினால் இதே மாதிரி பெயரில், இதே மாதிரி கலரில் வேறு தளங்கள் வரும். அவற்றில் பணம் கட்டினால் அது அரசுக்கு போகாது. முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்து விட்டு கட்டுங்கள். சந்தேகம் என்றால் 1800-258-1800 என்ற கட்டணம் இல்லாத எண்ணில் கேட்கலாம்.

கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து போடுகிறவர்கள் ஒன்றை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 'புதிய பாஸ்போர்ட்' என்பதை அமுக்க கூடாது. 'ரீ-இஷ்யூ' என்பதைத்தான் அமுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'தொலைந்தது' என்று போட வேண்டும். "புதுசுன்னு போட்டா 1500 தான்ணே" என்று சென்டர் தம்பி நல்ல எண்ணத்தில் சொல்வார். ஏற்கனவே பாஸ்போர்ட் வைத்திருந்ததை மறைத்ததாக அது ஆகி விடும். மேலே சொன்ன 12-வது பிரிவு இதற்கும் பொருந்தும். பழைய கைரேகையும் போட்டோவும் அரசு கம்ப்யூட்டரில் இருக்கின்றன.

கட்டணம் இதுதான். தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு பதில் 36 பக்க புத்தகம் வாங்க ரூ.3 ஆயிரம். 60 பக்கம் என்றால் ரூ.3 ஆயிரத்து 500. தட்கல் என்றால் இதோடு ரூ.2 ஆயிரம் சேரும். ஆக 36 பக்க புத்தகம் தட்கலில் ரூ.5 ஆயிரம். 2012 அக்டோபரில் வந்த கட்டணம் இது. இணையத்தில் முதலில் சாதாரண கட்டணத்தை கட்டி நேரம் வாங்க வேண்டும். தட்கலுக்கான மீதியை மையத்தில் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஒருவர் கேட்டால் அது அவருடைய பாக்கெட்டுக்கு.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லையா?

உண்மையில் நாள் போவது இங்கேதான். தட்கலுக்கு தனியாக ஒதுக்கிய நேரங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்து விடும். தீபாவளி, ரம்ஜான், கோடை விடுமுறை என்றால் இன்னும் மோசம்.

பலருக்கு தெரியாத ஒரு வழி இதில் இருக்கிறது. 2018-ல் இருந்து நாட்டில் எந்த பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். ராமநாதபுரத்துக்காரர் மதுரையில்தான் போட வேண்டும் என்பது இல்லை. தமிழகத்தில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என 4 மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. மதுரையில் 10 நாள் கழித்து நேரம் காட்டினால் திருச்சியிலோ தஞ்சையிலோ பாருங்கள். அங்கே நாளை மறுநாளே கிடைக்கலாம். பஸ் காசு ரூ.300 கூட செலவாகும், 8 நாள் மிச்சம். போலீஸ் விசாரணை உங்கள் ஊரிலேயே நடக்கும். புத்தகமும் உங்கள் வீட்டுக்கே வரும்.

தபால் நிலையங்களில் இருக்கும் பாஸ்போர்ட் மையங்கள் பக்கத்தில் இருப்பதால் வசதிதான். ஆனால் அங்கே தட்கல் நேரம் கிடைக்கிறதா என்று தளத்தில் பார்த்து விட்டு போங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அப்பா இறந்து விட்டார், மகனுக்கு ஆபரேஷன் என்பது போன்ற அவசரம் என்றால் அதற்கான மருத்துவ சான்றோடு, அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே மையத்துக்கு போய் அதிகாரியை பார்க்கலாம். அனுமதிப்பது அவர் கையில். "டிக்கெட் போட்டுட்டேன் சார்" என்பதை மட்டும் அவர்கள் அவசரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி போக வேண்டாம்.

மையத்துக்கு என்னென்ன கொண்டு போக வேண்டும்?

போலீஸ் அறிக்கையின் அசல். 'அனெக்சர் எப்' என்ற உறுதிமொழி. முகவரிக்கும் பிறந்த தேதிக்கும் ஆதாரம். பழைய பாஸ்போர்ட்டின் முதல் 2 பக்கம், கடைசி 2 பக்கம் நகல் இருந்தால் அதுவும். அனெக்சர் எப் என்பதற்கு ஸ்டாம்ப் பேப்பரோ நோட்டரி கையெழுத்தோ தேவை இல்லை. 2016 டிசம்பரில் அந்த விதியை எடுத்து விட்டார்கள். வெள்ளை தாளில் நாமே எழுதி கையெழுத்து போட்டால் போதும். இன்னும் கோர்ட்டு வாசலில் இதற்கு ரூ.500, ரூ.1,000 என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

தட்கலுக்கு இதோடு ஆதார், வாக்காளர் அட்டை, பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக் போன்ற பட்டியலில் இருந்து 3 ஆவணம் கேட்பார்கள். உங்களுக்கு என்ன தேவை என்று அந்த இணையதளத்திலேயே கேட்டால் பட்டியல் போட்டு காட்டும். எல்லாவற்றிலும் அசல் ஒன்று, நகல் ஒன்று. போட்டோ தேவை இல்லை. அங்கேயே எடுத்து விடுவார்கள்.

உள்ளே ஏ, பி, சி என 3 கவுண்ட்டர். ஏ-யில் தனியார் நிறுவன ஊழியர்கள் ஆவணங்களை ஸ்கேன் செய்து கைரேகை, போட்டோ எடுப்பார்கள். பி-யில் அதிகாரி சரி பார்ப்பார். சி-யில் இருப்பவர்தான் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர். எப்படி தொலைந்தது என்ற கேள்வி இங்கே வரும். நடந்ததை அப்படியே சொன்னால் போதும்.

நம்ம ஊர் ஆட்களுக்கு இங்கே மாட்டும் முள் இனிஷியல். ஆதாரில் 'மு' என்று ஓர் எழுத்து இருக்கும். பழைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பான் கார்டில் அதுவே முன்னால் வந்து நிற்கும். இக்காமா எடுத்தது பழைய பாஸ்போர்ட் பெயரில். எனவே தொலைந்த புத்தகத்தில் பெயர் எப்படி இருந்ததோ, ஓர் எழுத்து மாறாமல் அப்படியே கேளுங்கள். "வந்தது வந்தோம், பேரையும் திருத்திடுவோம், பொண்டாட்டி பேரையும் சேர்த்திடுவோம்" என்று இறங்க வேண்டாம். பெயரில் பெரிய மாற்றம் இருந்தால் தட்கலே கிடையாது. ஊருக்கு திரும்பி வந்து ஆற அமர செய்து கொள்ளலாம்.

10-ம் வகுப்பு பாஸ் ஆனவர்கள் அந்த மார்க் ஷீட்டை மறக்காமல் கொண்டு போக வேண்டும். அது இல்லை என்றால் புது புத்தகம் 'இ.சி.ஆர்.' என்று வந்து விடக்கூடும். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பக்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்கு போக குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. ஒரு தாளை வீட்டில் மறந்ததால் இன்னொரு அலுவலகத்துக்கு அலைய வேண்டி வரும்.

எத்தனை நாளில் வரும்?

தட்கலில் முன்கூட்டியே போலீஸ் விசாரணை தேவை இல்லை என்று அதிகாரி முடிவு செய்தால், விண்ணப்பித்த நாளை விட்டு விட்டு அடுத்த வேலை நாளில் புத்தகத்தை அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. விசாரணை முடிந்த பிறகுதான் என்று சொல்லி விட்டால், நல்லபடியாக ரிப்போர்ட் வந்ததில் இருந்து 3-வது வேலை நாள். சாதாரண முறையில் ஒரு மாதம் வரை ஆகலாம்.

தட்கல் பணம் கட்டியதாலேயே தட்கலில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது கிடையாது. கடைசி முடிவு பாஸ்போர்ட் அலுவலகத்துடையது. தொலைந்த பாஸ்போர்ட் விஷயத்தில் அவர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிப்பார்கள். அந்த புத்தகம் யார் கையில் போய் எதற்கு பயன்படுமோ என்ற கவலை அவர்களுக்கு இருக்கிறது. அது நியாயமான கவலைதான்.

விசாரணைக்கு போலீஸ்காரர் போன் செய்வார், வீட்டுக்கு வருவார் அல்லது நிலையத்துக்கு வர சொல்வார். தெரியாத நம்பர் என்று போனை எடுக்காமல் விட்டு ஒரு வாரத்தை இழந்தவர்கள் உண்டு. ஆதாரில் மாமியார் வீட்டு முகவரி, இருப்பது வேறு வீடு என்றாலும் சிக்கல். விண்ணப்பத்தில் எழுதிய முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். அக்கம் பக்கத்தில் கேட்டால் "ஆமா, எங்க தெருதான்" என்று சொல்ல வேண்டும். இந்த விசாரணைக்கு விண்ணப்பித்தவர் யாருக்கும் பணம் கொடுக்க தேவை இல்லை.

தட்கலில் புத்தகம் முதலில் வந்து, விசாரணை பிறகு வருவதும் உண்டு. அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருந்தால் "ஆள் வீட்டில் இல்லை" என்று ரிப்போர்ட் போகும். பிறகு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். எனவே புறப்படும் முன் உள்ளூர் போலீஸ் நிலையத்தில் போய், விசாரணை பாக்கி இருந்தால் முடித்து விட்டு கிளம்புவது நல்லது.

ஆக, முதலில் சொன்னவருக்கு 12 நாள் போதுமா? ஒரு நாள் தேடல், ஒரு நாள் போலீஸ், 3 நாளுக்குள் அப்பாயின்ட்மென்ட், பிறகு புத்தகம் கைக்கு வர சில நாள், அதன் பிறகு கம்பெனி எண்ணை மாற்ற 2 நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதும். முன்கூட்டியே விசாரணை என்று எழுதி விட்டால் போதாது. அதனால் 4-வது நாளுக்குள் அப்பாயின்ட்மென்ட் உறுதி ஆகவில்லை என்றால் டிக்கெட் தேதியை தள்ளி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வெளிநாட்டில் தொலைந்தால்...

அங்கே போய் தொலைத்தவர்கள் அந்த ஊர் போலீசில் எழுதி கொடுத்து விட்டு இந்திய தூதரகத்துக்கு போக வேண்டும். அங்கேயே புது பாஸ்போர்ட் வாங்கலாம். அவசரமாக ஊர் திரும்ப மட்டும் வேண்டும் என்றால் 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' தருவார்கள். வளைகுடாவில் இதை 'அவுட்பாஸ்' என்பார்கள். அது இந்தியாவுக்கு வர மட்டும்தான், ஒரே ஒரு முறைதான். அதை வைத்து திரும்ப போக முடியாது.

தபால்காரர் வரும் நேரம்

புத்தகம் ஸ்பீடு போஸ்ட்டில் வரும். விண்ணப்பித்தவர் கையில்தான் கொடுப்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். பொண்டாட்டி, பிள்ளை கையில் கொடுக்க மாட்டார்கள். வீடு பூட்டி கிடந்தால் தபால் திரும்பவும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே போய்விடும். எனவே செல்போனில் 'அனுப்பியாச்சு' என்று மெசேஜ் வந்த பிறகு எங்கும் போகாதீர்கள். உங்கள் பகுதி தபால்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தமிழகத்தில் 2025-ல் இருந்து சிப் வைத்த இ-பாஸ்போர்ட் தருகிறார்கள். அட்டையில் சின்னதாக ஒரு தங்க நிற அடையாளம் இருக்கும். அதை மடக்கவோ, ஓட்டை போட்டு கயிறு கட்டவோ கூடாது.

கையில் வாங்கியதும் அங்கேயே பெயர், பிறந்த தேதி, இ.சி.ஆர். இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். பிறகு முதல் பக்கத்தையும் கடைசி பக்கத்தையும் போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்புங்கள், மனைவி செல்போனிலும் ஒன்று இருக்கட்டும். "மாத்தியாச்சு" என்று கம்பெனியில் இருந்து பதில் வரும் வரை ஏர்போர்ட்டுக்கு வண்டி பேச வேண்டாம். புது புத்தகத்தில் ஊருக்கு வந்து இறங்கிய முத்திரை இருக்காது. இமிகிரேஷனில் கேட்டால் காட்ட போலீஸ் ரசீது நகலும் பழைய பாஸ்போர்ட் ஜெராக்சும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பி விடாதீர்கள்.